எலக்ட்ரானிக் போர்டை வெளிநாட்டில் செய்யக் கொடுப்பதற்கு முன்னால்: தரம் நழுவும் இடங்களும் பிடிக்கும் வழிகளும்

"சைனா மால்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர் கையில் வைத்திருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் போனும் அங்கேதான் செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் பாதிப் பாகமாவது அங்கிருந்துதான் வந்திருக்கும். எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் குவிந்திருக்கும் சீனாவின் ஷென்சென் நகரத்தில் மூன்று மாதத்தில் புகைகிற சார்ஜரையும் செய்கிறார்கள், பத்து வருடம் ஓடுகிற மருத்துவக் கருவியின் போர்டையும் செய்கிறார்கள், சில சமயம் இரண்டையும் ஒரே தொழிற்சாலையின் பக்கத்துப் பக்கத்து லைனில் செய்கிறார்கள். ஆர்டர் கொடுத்தவர் என்ன எழுதிக் கொடுத்தார், எதைச் சோதித்துப் பார்த்தார், எதற்குப் பணம் கொடுத்தார் என்பதில்தான் வித்தியாசம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும் வேறு யாரோ முடிவெடுப்பார்கள், அதுவும் விலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இந்தக் கட்டுரை பெரிய கம்பெனிகளுக்கானது இல்லை, அவர்களுக்கு அங்கேயே ஆபீஸ் போட்டு ஆள் வைக்க வசதி இருக்கிறது. 500, 1000, 2000 போர்டு என்று ஆர்டர் போடுகிற சின்ன யூனிட்டுகளுக்கானது. கோயம்புத்தூர் பக்கம் பம்ப்செட் மொபைல் ஸ்டார்ட்டர் (போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெட்டி) செய்கிறவர்கள், எடை மெஷின், எல்இடி டிரைவர், சின்ன யுபிஎஸ் செய்கிறவர்கள், அந்த மாதிரி.

எதை அனுப்புகிறீர்கள்?

"சைனாவில் செய்கிறோம்" என்பதற்குள் நாலு தனித்தனி வேலை இருக்கிறது. வெறும் பிசிபி, அதாவது பாகம் எதுவும் பொருத்தாத, காப்பர் பாதைகள் மட்டும் உள்ள தட்டு, அடிப்பது ஒன்று. அதில் பாகங்களைப் பொருத்தி சோல்டர் செய்வது இன்னொன்று. பாகங்களையும் அவர்களையே வாங்கச் சொல்வது அடுத்தது. டிசைனையே அவர்களிடம் கொடுப்பது கடைசி. இந்த வரிசையில் போகப் போக உங்கள் பிடி தளர்ந்துகொண்டே போகும்.

வெறும் பிசிபிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். கெர்பர் ஃபைலை, அதாவது பிசிபியின் வரைபட ஃபைலை, ஏற்றி, பணம் கட்டினால் ஒரு வாரம் பத்து நாளில் கூரியரில் வந்துவிடும், விலையும் நம் ஊரில் கேட்டால் சிரிப்பு வருகிற அளவுக்குக் குறைவு. என்ன வேண்டும் என்பதை மட்டும் முழுசாக எழுதுங்கள்: எஃப்ஆர்4 (கண்ணாடி இழைத் தட்டு), தடிமன் 1.6 மில்லிமீட்டர், காப்பர் 35 மைக்ரான், ஈயமில்லாத ஃபினிஷ் (காப்பர் மேல் பூச்சு), நெருக்கமான கால்கள் உள்ள ஐசி (சிப்) இருந்தால் தங்க ஃபினிஷ், எல்லா போர்டுக்கும் எலக்ட்ரிக்கல் டெஸ்ட். மோட்டார் கரன்ட் ஓடுகிற டிராக் இருந்தால் காப்பரை 70 மைக்ரான் ஆக்குங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் 35தான் வரும், அது அவர்கள் ஏமாற்றியது ஆகாது.

டிசைனைக் கொடுப்பதுதான் ஆபத்தான இடம்

ஷென்செனில் டிசைனையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் ஏகப்பட்டது உண்டு. அவர்களிடம் தயாராக ஒரு போர்டு இருக்கும், அதையே பத்துப் பேருக்கு லேசாக மாற்றிக் கொடுப்பார்கள். டிசைனுக்குக் காசே வேண்டாம், எங்களிடம் போர்டு வாங்கினால் போதும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கிமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) கையில் வராது, ஃபர்ம்வேரின், அதாவது சிப்புக்குள் ஓடும் புரோகிராமின், சோர்ஸ் வராது, அதைப் படித்து எடுக்கவும் முடியாதபடி சிப் லாக் ஆகியிருக்கும். ஆறு மாதம் கழித்து "இந்த இடத்தில் ஒரு நிமிடம் தாமதம் வேண்டும்" என்று கேட்டால் பதில் வருவதற்கே ஒரு மாதம் ஆகும், அதற்குள் அந்த இன்ஜினியர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த டிசைன் யாருடைய கரன்ட்டுக்குப் போட்டது என்பது. நம் கிராமத்து லைனில் 230 வோல்ட் என்பது பெயருக்குத்தான். பகலில் எல்லா மோட்டாரும் ஓடும்போது 160, 170க்கு இறங்கும், நள்ளிரவில் 270 தொடும், நியூட்ரல் கழன்றால் 400 வோல்ட் கூட உள்ளே வரும். ஸ்டார்ட்டர் பெட்டியை தகர ஷெட்டின் சுவரில் மாட்டியிருப்பார்கள், சித்திரை வெயிலில் உள்ளே கை வைக்க முடியாது. எறும்பு கூடு கட்டும், பல்லி நுழைந்து இரண்டு டெர்மினலுக்கு நடுவே செத்துக் கிடக்கும். ஷென்செனில் ஏசி அறையில் உட்கார்ந்து டிசைன் போடுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும்.

இதில் அடிக்கடி மாட்டுகிற ஒரு இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு எக்ஸ்2 கெப்பாசிட்டரை, பெரும்பாலும் மஞ்சள் நிறச் செவ்வகப் பெட்டி மாதிரி இருக்கும், போட்டு அதன் வழியாகவே ரிலேவுக்கும் (கரன்ட்டால் இழுத்து மோட்டாரைப் போடும் சுவிட்ச்) ஐசிக்கும் வேண்டிய கரன்ட்டை எடுத்துவிடுவார்கள். கிடைக்கும் கரன்ட் அந்த கெப்பாசிட்டரின் மதிப்பைப் பொறுத்தது. அதற்குள் பிளாஸ்டிக் ஃபிலிம் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். லைனில் ஸ்பைக் வரும்போதெல்லாம் அந்தப் பூச்சில் ஊசி முனை அளவு எரிந்து விலகி, ஷார்ட் ஆகாமல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். எக்ஸ்2 வகையைப் பாதுகாப்பானது என்று சொல்வதே இதற்காகத்தான். ஆனால் எரிந்த இடம் திரும்ப வராது, ஈரம் உள்ளே போனால் பூச்சு இன்னும் வேகமாகக் கரையும். 0.47 மைக்ரோ ஃபாரட் என்று போட்டது ஒன்றிரண்டு வருடத்தில் பாதியாக இறங்கியிருக்கும். அப்போது எல்இடி எரியும், சிம் சிக்னல் காட்டும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ரிலே இழுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். விவசாயி "மோட்டார் துடிக்குது" என்று போன் செய்வார். தொழிற்சாலையில் செய்த எந்த டெஸ்டிலும் இது சிக்கியிருக்காது, ஏனென்றால் அங்கே கெப்பாசிட்டர் புதிது.

இதைத் தவிர்க்க ஒரு வரி போதும். மெயின்ஸில் தொடராகப் போடுவதற்கென்றே செய்த, ஈரத்தில் சோதித்த வகை தனியாகக் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. அந்தப் பாகத்தின் பெயரை நீங்கள் எழுதினால் அது வரும், எழுதாவிட்டால் மலிவானதுதான் வரும்.

ஆகவே டிசைனைக் கொடுத்தே தீர வேண்டுமானால், முதலில் நிபந்தனைத் தாள் ஒன்று எழுதுங்கள். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஓட வேண்டும், 400 வோல்ட் வந்தால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும், பெட்டிக்குள் எத்தனை டிகிரி, ரிலே எத்தனை லட்சம் தடவை போட வேண்டும், போர்டுக்கு ஈரம் தடுக்கும் கோட்டிங் உண்டா இல்லையா, எல்லாம் எண்ணாக. "நல்ல குவாலிட்டி வேண்டும்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். ஒப்பந்தத்திலேயே ஸ்கிமாட்டிக், லேஅவுட் இரண்டும் திருத்தக்கூடிய மூல ஃபைலாகவும், ஃபர்ம்வேர் சோர்ஸ் முழுசாகவும் வர வேண்டும் என்று போட்டு, கடைசித் தவணையை அதோடு கட்டுங்கள். வந்த சோர்ஸை உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து, உங்கள் கையாலேயே போர்டில் ஏற்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அந்தத் தவணை. பழைய வெர்ஷன் சோர்ஸை அனுப்பிவிட்டு முடிந்தது என்பவர்கள் நிறைய.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் பொருளின் உயிர் எதில் இருக்கிறதோ அந்த டிசைனை வெளியே கொடுக்காதீர்கள். ஒரு நல்ல இன்ஜினியரைச் சம்பளத்துக்கு வைப்பது செலவாகத் தோன்றும், பழுதான போர்டு திரும்பி வரும்போது "ஏன்" என்று சொல்ல உங்களிடம் ஒரு ஆள் இருப்பார். டிசைனை வெளியே கொடுத்தவர்கள் முதலில் இழப்பது இந்த "ஏன்" தெரிந்த ஆளைத்தான்.

பாகப் பட்டியல், அதாவது பிஓஎம்

இதில்தான் பாதிச் சண்டை வரும். "100 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட்" என்று எழுதினால் அந்த இரண்டு எண்ணுக்கும் பொருந்துகிற ஆக மலிவான பாகம் வரும். ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் பெயர், அவர்களுடைய முழுப் பாக எண், அது கிடைக்காவிட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாற்றுப் பாகம் ஒன்றோ இரண்டோ, இவ்வளவும் இருக்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில், எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று போடுங்கள். இதையும் மீறி மாற்றுவார்கள்தான், ஆனால் அப்போது பணத்தைப் பிடித்து வைக்க உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது தோராயக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்ட பாகம், பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம் வரும், மூன்றரை வருடத்துக்கு மேல். அதே இடத்தில் 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்ற பாகத்தை வைத்தால் 8,000 மணி நேரம், ஒரு வருடம் கூடத் தேறாது. இரண்டுக்கும் பார்வையில் ஒரு வித்தியாசமும் இல்லை, மேலுறையில் 105 என்பதற்குப் பதில் 85 என்று அச்சடித்திருக்கும், அவ்வளவுதான். வாரண்டி ஒரு வருடம் கொடுத்திருந்தால் சரியாக அது முடிகிற சமயத்தில் போன் வர ஆரம்பிக்கும்.

செராமிக் கெப்பாசிட்டரிலும் இதே கதை. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மதிப்பு 15 சதவீதத்துக்குள் நிற்கும். ஒய்5வி என்றால் அது தாங்கும் வெப்ப எல்லைக்குள்ளேயே 82 சதவீதம் வரை சரியலாம். போர்டில் பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்புத் துண்டு, மேலே எழுத்தும் கிடையாது.

இதை வைத்து சைனா பாகம் மோசம், ஜப்பான் பாகம் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் சுமார் 1.18 கோடி, வீங்கிக் கசியக்கூடிய கெப்பாசிட்டர்களோடு போயின. சரிசெய்ய அந்தக் கம்பெனி 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அந்த கெப்பாசிட்டர்கள் பேர் பெற்ற ஜப்பான் பிராண்டு.

போலி ஐசி தனிக் கவலை. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ கம்பெனி தன் யுஎஸ்பி சிப்புக்கான புது டிரைவரை (சிப்பைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருளை) விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பியது. அது போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும், கம்ப்யூட்டருக்கு அந்தக் கருவி தெரியாமலே போய்விடும். தங்கள் பொருளில் போலி சிப் இருந்தது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் 2021 சிப் தட்டுப்பாட்டின்போது பழைய போர்டிலிருந்து கழற்றி, மேலே இருந்த எழுத்தைச் சுரண்டிப் புது எழுத்து அடித்த ஐசிகள் புரோக்கர்கள் வழியாகத் தாராளமாக ஓடின. மைக்ரோகன்ட்ரோலர், ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் வழியாகப் பேசும் பாகம்), ரிலே, பவர் பாகங்கள், இந்த நாலைந்தை மட்டுமாவது அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் நீங்களே வாங்கி அனுப்புங்கள், இல்லாவிட்டால் எங்கே வாங்கினார்கள் என்பதற்கு பில்லும், பாகங்கள் சுற்றி வரும் ரீலின் லேபிள் போட்டோவும் கேளுங்கள். ரெசிஸ்டருக்கெல்லாம் இந்தப் பாடு தேவையில்லை.

சாம்பிள் நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை

சாம்பிளை அங்கே இருப்பதிலேயே கைதேர்ந்தவர் செய்வார். முதல் லாட்டும், அதாவது முதல் தடவை வரும் சரக்கும், பெரும்பாலும் நன்றாகவே வரும். மூன்றாவது நாலாவது லாட்டில்தான் சோல்டர் பேஸ்ட் மாறும், ரிலேயின் பிராண்டு மாறும், கனெக்டர் பின் மெலியும். ஒவ்வொன்றிலும் சில காசு மிச்சம், ஒன்றும் உடனே கெடாது என்பதால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரண்டை எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அங்கேயும் ஒன்றை உங்கள் பீரோவிலும் வையுங்கள். ஒவ்வொரு லாட்டும் வந்ததும் ஐந்தாறு போர்டை எடுத்து நல்ல லென்ஸ் வைத்த போனில் படம் பிடித்து, அந்தச் சாம்பிளோடு பாகம் பாகமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஐசி மேல் இருக்கும் எழுத்தின் வடிவம், கெப்பாசிட்டரின் உயரம், ரிலேயின் அடியில் அச்சடித்த எண். அரை மணி நேர வேலை, சலிப்பாக இருக்கும், ஆனால் பாதித் திருட்டு இதிலேயே பிடிபடும்.

டெஸ்ட் ஜிக் உங்களுடையதாக இருக்கட்டும்

தொழிற்சாலையிடம் "டெஸ்ட் செய்து அனுப்புங்கள்" என்றால், கரன்ட் கொடுத்து எல்இடி எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்தால் பாஸ். அதற்கு மேல் வேண்டுமானால் ஜிக்கை, அதாவது போர்டை வைத்துச் சோதிக்கும் கருவியை, நீங்கள்தான் செய்து அனுப்ப வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்பிரிங் பின் வைத்த ஒரு தட்டு, மேலிருந்து அழுத்த ஒரு கைப்பிடி, உள்ளே ஒரு சின்ன கன்ட்ரோலர். போர்டை வைத்து அழுத்தினால் ஃபர்ம்வேரை அதுவே ஏற்ற வேண்டும், 160 வோல்ட்டிலும் 270 வோல்ட்டிலும் ரிலேயைப் போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும், கரன்ட் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும், வரிசை எண்ணை எழுதி முடிவைப் பதிய வேண்டும். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவே. அதை இயக்குகிறவருக்கு உங்கள் பொருள் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. மெயின்ஸ் வோல்ட்டேஜ் போவதால் மூடி திறந்திருந்தால் கரன்ட் போகாத மாதிரி ஒரு சுவிட்சும் அவசியம், யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

ஜிக்கோடு வேண்டுமென்றே கெடுத்த மூன்று நாலு போர்டையும் அனுப்புங்கள். தினமும் காலையில் அவற்றை வைத்துச் சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். பதிவு ஃபைலை அன்றன்றைக்கே வாங்குங்கள், லாட் முடிந்த பிறகு வேண்டாம். ஒரு போர்டுக்கு 40 விநாடி ஆகும் டெஸ்ட், பதிவில் 5 விநாடிக்கு ஒன்று என்று ஓடியிருந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆயிரத்தில் ஒன்று கூட ஃபெயில் ஆகவில்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

பணமும் இன்ஸ்பெக்ஷனும்

30 சதவீதம் முன்பணம், மீதி 70 இன்ஸ்பெக்ஷன் முடிந்து கப்பல் ஏறுவதற்கு முன் என்பது அங்கே சாதாரணமாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. சரக்கு சென்னைத் துறைமுகம் வந்துவிட்டால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், போக்குவரத்தும் கஸ்டம்ஸும் சேர்ந்து போர்டின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பிடி முழுக்க அந்த 70 சதவீதத்தில்தான்.

பர்ச்சேஸ் ஆர்டரில் ஐபிசி-ஏ-610 கிளாஸ் 2 என்று எழுதுங்கள். சோல்டர் எப்படி ஏறியிருக்க வேண்டும், எது குறை எது குறையில்லை என்று படத்தோடு சொல்லும் தரக் குறிப்பு அது, எல்லாத் தொழிற்சாலையிலும் தெரியும். கிளாஸ் 1 சாதாரணப் பொருளுக்கு, கிளாஸ் 3 விமானம், மருத்துவம் போன்றவற்றுக்கு, நமக்கு 2 போதும். நீங்களே போக முடியாவிட்டால் மூன்றாம் தரப்பு ஆளை ஒரு நாள் கூலிக்கு அனுப்பலாம், அந்தச் செலவு எப்போதும் வீண் போகாது. அவர்கள் ஏக்யூஎல் கணக்கில், அதாவது சிலதை மட்டும் எடுத்துப் பார்த்து எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற கணக்கில், பார்ப்பார்கள். 1000 போர்டு லாட்டுக்கு வழக்கமான நிலையில் 80 போர்டை எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் 2.5 என்றால் அதில் 5 குறை வரை பாஸ், 1.0 என்றால் 2 வரை பாஸ். எந்தக் குறைக்கு எந்த எண் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கப்படி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். ஷாக் அடிக்கும் மாதிரி குறை ஒன்று இருந்தாலும் லாட் முழுக்க ஃபெயில் என்று தனியாக எழுதுங்கள்.

நாள் பார்த்து ஆர்டர் போடுவதும் முக்கியம். ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் சீனப் புத்தாண்டு வரும். தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள், பலர் திரும்ப மாட்டார்கள், லீவு முடிந்து உங்கள் போர்டில் கை வைப்பது புது ஆளாக இருக்கலாம். லீவுக்கு முந்தின வாரம் அவசரமாக முடித்த லாட்டும் அதே கதிதான். முடிந்தால் அந்த இரண்டு சமயத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவுக்குள் வரும் அடாப்டர், எல்இடி டிரைவர், யுபிஎஸ் மாதிரி பொருள் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதிவு குறிப்பிட்ட தொழிற்சாலைக்குத்தான், டெஸ்ட் ரிப்போர்ட் குறிப்பிட்ட பாகங்களுக்குத்தான். அங்கே சொல்லாமல் ஒரு பாகத்தை மாற்றினால் இங்கே மாட்டிக்கொள்வது உங்கள் பெயர்.

எப்போது அனுப்பாமல் இருப்பது நல்லது?

மாதத்துக்கு ஒரு முறை டிசைன் மாறுகிறது என்றால் அனுப்பாதீர்கள். இருநூறு போர்டுக்குக் கீழே என்றாலும் பெரும்பாலும் கட்டாது. பிசிபியை மட்டும் அங்கே அடித்து வாங்கி, பாகத்தை இங்கே டீலரிடம் வாங்கி, கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ சென்னையிலோ எஸ்எம்டி லைன் (போர்டில் பாகங்களை மெஷினால் பொருத்தும் வசதி) வைத்திருப்பவரிடம் பொருத்திக்கொள்வது பலருக்கு நல்ல நடுவழி. சந்தேகம் என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு போய் லைன் பக்கத்திலேயே நிற்கலாம்.

விலையை ஒப்பிடும்போது போர்டு விலையோடு நிறுத்தாதீர்கள். அங்கே செய்தால் ஒரு போர்டுக்கு 60 ரூபாய் மிச்சம், 1000 போர்டுக்கு 60,000 என்று வையுங்கள். அதில் 40 போர்டு வயலில் கெட்டு, ஆள் போய் மாற்றிக் கொடுக்க ஒன்றுக்கு 1500 ரூபாய் ஆனால் மிச்சம் அப்படியே கரைந்துவிட்டது. உங்கள் சர்வீஸ் ஆள் ஒரு தடவை உடுமலைப்பேட்டை போய் வர உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பெட்ரோல், சாப்பாடு, அரை நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள், பிறகு அந்த கொட்டேஷனைத் திறந்து பாருங்கள்.